இல்லாத பாலத்துக்கு ஒரு வழக்கு

அரசாங்கத்தின் பதில் வந்த அன்று நான் கருங்கல் ஊர்ச் சந்தையில் மீன்காரியோடு விலை பேசிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. என் வக்கீலம்மா.

"நம்ம நோட்டீசுக்குப் பதில் வந்திருக்கு. எங்கயாம் இருந்துக்கிட்டுக் கேளுங்க."

"இருக்க எடமில்ல வக்கீலம்மா, சந்தையில நிக்குதேன். சொல்லுங்க."

"நீங்க கட்டினதா சொல்லுற பாலம் அவிய ரிக்கார்டுல இல்லியாம். அப்பிடி ஒரு வேலையே நடக்கல்லன்னு எழுதியிருக்காவ."

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு கையிலிருந்த காலிப் பையை மீன்கூடைமேலேயே போட்டுவிட்டேன். மீன்காரி பயந்துபோய், "என்னம்மா, வீட்டுல யாருக்காம் சொவமில்லியா?" என்று கேட்டாள்.

"எனக்க பாலத்தக் காணல்லியாம்," என்றேன்.

நான் ஒரு சின்னக் கான்டிராக்டர். பாலிடெக்னிக்கில் சிவில் படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு என் பெயரிலேயே அரசு ஒப்பந்தக்காரர் பதிவு எடுத்தேன். வீட்டுக்காரர் டெம்போ ஓட்டுகிறார். வேலைக்கு வேண்டிய ஜல்லியும் சிமெண்டும் அவர் வண்டியில்தான் வரும். பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர், ஓடைக்குத் தடுப்புச்சுவர், தெருவுக்குத் தளம் என்று சில்லறை வேலைகளாகச் செய்துகொண்டிருந்தோம். பில் தாமதமாகும், ஆனால் வந்துவிடும். இந்த ஒரு வேலைதான் எங்களைக் கோர்ட் படியேற வைத்தது.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடவே இல்லை. குலசேகரத்துக்கு மேலே ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் ஓர் ஓடை. அதன்மேல் இருந்த பழைய சிறுபாலத்தை ஒரு காலையில் வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அக்கரையில் நாற்பது வீடுகளுக்கு மேல் இருந்தன. வேறு வழி கிடையாது. மறுநாள் விடிந்ததும் சாலைத் துறையின் உதவிப் பொறியாளர் எனக்குப் போன் செய்தார்.

"ஜேசிபி கிடைக்குமா?"

"கிடைக்கும் சார்."

"அப்பம் இன்னைக்கே தொடங்கிருங்க. அக்கரையில எட்டு மாசக் கர்ப்பிணிய ரெண்டு பேரு இருக்காவ. எஸ்டிமேட், ஆர்டர் எல்லாம் நான் பின்னால போட்டுத் தாறேன்."

எழுத்தில் ஒரு வரி வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை. அவசரம் ஒரு காரணம். இன்னொரு காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்: நான் அதுவரை பாலம் கட்டியதில்லை. படித்த காலத்திலிருந்து ஆசை. சுவரும் தளமுமாகக் கட்டிச் சலித்துப் போயிருந்தவளிடம், பாலம் கட்டு என்று ஒருவர் சொன்னால் காகிதம் எங்கே என்று கேட்கவா தோன்றும்?

முதல் நாளே மரத்தடிகளைப் போட்டு ஆட்கள் நடந்துபோக வழி செய்தோம். என் கொத்தனார் குளச்சல்காரர். கடலில் படகுக்குப் படகு கூவிப் பழகிய குடும்பம். ஓடைக்குள் நின்று அவர் பேசினால் தோட்டம் முழுக்கக் கேட்கும். பக்கச்சுவரில் தண்ணீர் வடிவதற்கு ஆறு குழாய் பதிக்க வேண்டியிருந்தது. ஐந்துதான் கையில் இருந்தது. குலசேகரம் கடைகள் வெள்ளத்தால் பூட்டிக்கிடந்தன. அக்கரை வீடு ஒன்றில் பழைய மோட்டார்க் குழாய் கிடந்தது. நீல நிறம். "நீலமோ வெள்ளையோ, வெள்ளம் போனாப் போரும் பிள்ளே," என்று அதை வெட்டி மூன்றாவது துவாரத்தில் வைத்தார். மேல்தளம் வார்த்த அன்று மறுபடி மழை. ரப்பர் பால்வெட்டப் போகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து தார்ப்பாயை நான்கு பக்கமும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கான்கிரீட் ஆறி இறுகி, வார்த்த இருபத்தொன்பதாம் நாள் முதல் ஆட்டோ பாலத்தைக் கடந்தது. நான் அந்த ஆட்டோவுக்குப் பின்னாலேயே ஓடினேன். எதற்கு ஓடினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அதற்கடுத்த வாரம் அந்தப் பொறியாளரை வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். எஸ்டிமேட் எழுதப்படவில்லை. ஆர்டர் இல்லை. செய்த வேலையை அளந்து பதியும் புத்தகத்தில் எங்கள் பாலம் ஏறவில்லை. புதிதாக வந்தவர், "பழைய சாரிட்ட கேளுங்க," என்றார். மேலே இருந்தவர், "ஆடிட் முடியட்டும்," என்றார். அடுத்த நிதியாண்டு வந்தது. "பண்டு இல்ல," என்றார்கள். பதினொன்றரை லட்சம். கம்பிக்கடைக்காரருக்குக் கடன், ஜேசிபிக்காரருக்குக் கடன், என் நகை பேங்கில். இரண்டு வருஷத்துக்கு மேல் அந்த அலுவலகத்து பெஞ்சில் காத்திருந்தேன்.

கோர்ட்டுக்குப் போகலாம் என்று நான் சொன்னபோது வீட்டுக்காரருக்குச் சம்மதமில்லை.

"ஏட்டி, கேஸு போட்டா பின்ன ஒரு சோலியும் தர மாட்டாவ."

"இப்பம் மட்டும் அள்ளித் தாறாவளா?"

மறுநாள் காலையில் அவரே டெம்போவைத் துடைத்து நிறுத்தி, "வா, தக்கலை கோர்ட்டுக்குத்தானே?" என்றார்.

வக்கீலம்மா தேங்காப்பட்டணத்துக்காரர். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். என் கதையைப் பாதியில் நிறுத்தி, "பாலம் எப்பம் முடிஞ்சுது?" என்று கேட்டார். சொன்னேன். விரலை மடக்கினார்.

"மூணு வருஷம் கழிஞ்சா கேஸே போட முடியாது. அதுக்கு இன்னும் நாலு மாசந்தான் இருக்கு. சர்க்கார் மேல கேஸுன்னா நோட்டீஸ் விட்டு ரெண்டு மாசம் காத்திருக்கணும். இத்தற நாளு எங்க போனிய நீங்க?"

"அவிய பெஞ்சுலதான் இருந்தேன்."

நோட்டீஸை அன்றைக்கே அடித்தார். அந்த நோட்டீசுக்கு வந்த பதிலைத்தான் மீன்சந்தையில் நின்று கேட்டேன். மீனைக்கூட வாங்காமல் தக்கலைக்கு பஸ் ஏறினேன். நான் அழுதுகொண்டு போனால், அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நல்லதாப் போச்சு கேட்டியளா? வேலை நடந்துது, ஆனா சரியில்லன்னு எழுதியிருந்தா நமக்குப் பாடு. இவிய பாலமே இல்லன்னுட்டாவ. பாலத்த யாராம் மறைச்சு வைக்க முடியுமா?"

அந்த நிமிஷம் என் அழுகை நின்றது. அதற்குப் பிறகு அந்த வழக்கு எனக்கு ஒரு பாரமாகவே இல்லை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். வாய்தா தேதி நெருங்கினால் திருவிழாவுக்குப் போவதுபோல இருக்கும். முந்தின நாளே சேலையை இஸ்திரி போட்டு வைத்துவிடுவேன். வக்கீலம்மா சொல்லச் சொல்ல ஒவ்வொரு சொல்லாகக் கற்றுக்கொண்டேன். ஒருவர் இனாமாகச் செய்யவில்லை என்று தெரிந்தே அந்த வேலையின் பலனை அனுபவித்தால், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் கூலி கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறதாம். அதைக் கேட்ட அன்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அறிமுகமில்லாத பெண்ணிடம்கூடச் சொன்னேன்.

பாலம் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துவர ஒரு வழக்கறிஞரைக் கமிஷனராகக் கோர்ட் நியமித்தது. அவர் போகும் நாளை இரண்டு தரப்புக்கும் அறிவித்தார்கள். காலை பத்தரை மணி. நானும் வீட்டுக்காரரும் கொத்தனாரும் வக்கீலம்மாவும் ஒன்பது மணிக்கே போய்விட்டோம். கமிஷனர் ஒல்லியான இளம் வக்கீல். கையில் டேப்பும் ஒரு பெரிய நோட்டும். தூறல் இருந்ததால் எல்லோரும் அக்கரையில் ரப்பர் ஷீட் உலர்த்தும் கொட்டகைக்குள் ஒதுங்கினோம். ஷீட் அடிக்கும் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு எங்களைச் சுற்றி நின்றார்கள். கொட்டகை முழுக்கப் புகை வாடையும் ரப்பர்ப்பால் வாடையும்.

பதினொன்றுக்குத் துறையின் ஜீப் வந்தது. குலசேகரம் பக்கமிருந்து வந்து, பாலத்தின்மேல் ஏறி, இறங்கி, கொட்டகை வாசலில் நின்றது. புதிய பொறியாளர் இறங்கினார். கமிஷனருக்கு வணக்கம் சொன்னார்.

வக்கீலம்மா மெதுவாகக் கேட்டார். "சார் எப்பிடி வந்திய?"

"ஜீப்புல."

"எது வழியா?"

அவர் ஜீப்பைத் திரும்பிப் பார்த்தார். ஜீப் டிரைவர் பாவம், கேள்வி தன்னிடம் என்று நினைத்துவிட்டார். "பாலம் வழியாத்தான்மா. வேற வழி ஏது?"

கொட்டகையே சிரித்தது. கமிஷனர் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து நோட்டில் எழுதினார்; ஆனால் அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். இடுப்பில் மூன்று வயதுப் பிள்ளையை வைத்திருந்த ஒரு பெண் முன்னால் வந்தாள். பாலத்தில் முதலில் போன ஆட்டோவில் இருந்தவள் அவள்தான்.

"இந்தப் பாலம் வழியாத்தான் சார் நான் பேறுகாலத்துக்குப் போனேன். பாலம் இல்லன்னா இந்தப் பிள்ளையும் இல்லியா?"

பொறியாளருக்கு முகம் கறுத்துவிட்டது. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பதிலை எழுதினது அவராக இருக்காது. ஆனால் அவர் சும்மா விடவும் இல்லை. "பாலம் இருக்கு சார், ஒத்துக்கிடுதேன். ஆனா இத இந்தம்மாதான் கட்டினாவன்னு என்ன ஆதாரம்? எஸ்டேட்டுக்காரங்க கட்டியிருக்கலாம்லா?" என்றார்.

நல்ல கேள்விதான். என் போனில் இருந்த படங்களைக் காட்டினேன். "படம் யாரு வேணும்னாலும் எடுக்கலாம்," என்றார் அவர். அப்போதுதான் எனக்கு அது நினைவுக்கு வந்தது. வக்கீலம்மாவிடம்கூட அதுவரை சொல்லியிருக்கவில்லை.

"சார்," என்றேன் கமிஷனரிடம். "மேற்குப் பக்கச் சுவருல ஆறு வடிகுழாய் உண்டு. இங்கேருந்து யாருக்கும் தெரியாது, செடி மூடிக் கெடக்கு. அஞ்சு வெள்ளை. மேல இருந்து மூணாவது மட்டும் நீலம். இத முதல்ல எழுதிக்கிடுங்க. பின்ன போய்ப் பாப்போம்."

அவர் எழுதினார். பொறியாளரும் அதைப் படித்துப் பார்த்தார். கொத்தனார் வேட்டியை மடித்துக்கட்டி, வெட்டுக்கத்தியோடு ஓடைக்குள் இறங்கினார். தண்ணீர் அவருடைய முழங்காலுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் கைப்பிடிச் சுவரில் வரிசையாகக் குனிந்து நின்றோம். காட்டுக்கொடியை வெட்டி வெட்டித் தள்ளினார். ஒன்று, வெள்ளை. இரண்டு, வெள்ளை. மூன்றாவதன்மேல் பாசி அப்பியிருந்தது. நிறம் மங்கியிருந்தால்? வேறு வரிசையில் வைத்திருந்தால்? அவர் உள்ளங்கையால் தண்ணீரை அள்ளி அள்ளித் தேய்த்தார். பிறகு நிமிர்ந்து, தோட்டம் முழுக்கக் கேட்கும்படி கூவினார்.

"நீலம்! நல்ல நீலம்!"

பெண்கள் கைதட்டினார்கள். வக்கீலம்மா என் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார். கமிஷனர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே ஓடைக்குள் இறங்கிப் போய்ப் படம் எடுத்துக்கொண்டார். திரும்பும்போது பொறியாளர் என் பக்கத்தில் வந்து, "வேலை நல்ல வேலைதான்மா," என்று மட்டும் சொன்னார்.

பாலம் இருக்கிறது, கட்டியது நான்தான் என்பது முடிந்தது. யார் கட்டச் சொன்னது என்பது பாக்கி. மாற்றலாகிப் போன பொறியாளருக்குக் கோர்ட் சம்மன் அனுப்பியது. அவர் வருவார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. வந்தாலும் உண்மையைச் சொன்னால் அவர் வேலைக்கே கேடு வரலாம். ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம்தான் இருந்தது அவருக்கு.

வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. கூண்டில் ஏறியதும் என்னைப் பார்க்கவே இல்லை. வக்கீலம்மா, "வாதியை வேலை தொடங்கச் சொன்னது யாரு?" என்று கேட்டார். அரசு வக்கீல் எழுந்திருக்கத் தயாராக இருந்தார்.

"நான்தான்," என்றார் பொறியாளர். "போன்ல சொன்னேன். எழுத்துல குடுக்கணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள மாத்திட்டாங்க."

அரசு வக்கீல் எழுந்தார். "அப்படிச் சொல்ல உங்களுக்கு அதிகாரம் இருந்ததா?"

"இல்லை. ஆனா அக்கரையில ஆளு இருந்தாங்க சார்."

எனக்கு எழுந்து கும்பிட வேண்டும் போல இருந்தது. வக்கீலம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். வெளியே வராந்தாவில் பொறியாளர் என்னைக் கடந்து போகும்போது ஒரு நொடி நின்றார். "பாலம் நல்லா நிக்குதா?" என்று கேட்டார். "நிக்குது சார்," என்றேன். அவருக்குக் கேடு ஒன்றும் வரவில்லை என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. அசலும் வட்டியும். நீதிபதி வாசித்து முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அன்று தக்கலையில் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன், கடன் சொல்லித்தான். ஏனென்றால் தீர்ப்பு வேறு, பணம் வேறு. மூன்று மாதம் போயிற்று, நான்கு மாதம் போயிற்று, துறை மேல்முறையீடும் செய்யவில்லை, பைசாவும் கட்டவில்லை. தீர்ப்பை நிறைவேற்றச் சொல்லி வக்கீலம்மா மனு போட்டார். அதற்கும் அவர்கள் ஆஜராகவில்லை. அலுவலகத்து அசையும் பொருட்களை ஜப்தி செய்யக் கோர்ட் உத்தரவிட்டது.

அந்தக் காலையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கோர்ட் அமீனா முன்னால், கையில் உத்தரவு. பின்னால் நாங்கள், சுமை தூக்க இரண்டு பேர், வீட்டுக்காரரின் டெம்போ. அத்தனை நாள் நான் காத்துக்கிடந்த அதே அலுவலகம். அமீனா உத்தரவைச் சத்தமாக வாசித்தார். பிறகு சூப்பிரண்டு எழுந்து, "கசேரய எல்லாம் கொண்டு போனா நாங்க எங்க இருக்கது?" என்று கேட்டார்.

வக்கீலம்மா வராந்தா பக்கம் கையைக் காட்டினார். "அங்க பெஞ்சு இருக்கு. இவிய ரெண்டு வருஷமா இருந்த பெஞ்சுதான். நல்ல ஒறப்பு."

கம்ப்யூட்டர் நான்கு, மேசை ஆறு, நாற்காலி பதினொன்று. அமீனா ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் பட்டியல் எழுதினேன். ஒரு பெண் கிளார்க் தன் சாப்பாட்டுப் பையையும் தண்ணீர் பாட்டிலையும் மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து நின்றார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. "மன்னிச்சிருங்க அக்கா," என்றேன். அவர் பைலை எடுப்பது போலக் குனிந்து, என் காதோரமாகச் சொன்னார்: "நல்லாச் செஞ்சிய. எனக்க அண்ணனுக்கும் ஒரு ஓடைச்சுவரு பில்லு நாலு வருஷமா நிக்குது. அந்த வக்கீலுக்க நம்பரக் கொஞ்சம் எழுதித் தாருங்க."

பட்டியலின் ஓரத்தைக் கிழித்து எழுதிக் கொடுத்தேன்.

டெம்போவில் பாதி ஏற்றியிருப்போம். மேலதிகாரி மூச்சிரைக்க வந்து இறங்கினார். வாசலில் ரோட்டில் போனவர்கள் கூடிவிட்டார்கள். பலர் போனை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். "ரெண்டு வாரம் தாருங்க, ஏற்பாடு பண்ணிருதேன்," என்றார். வாயால் சொன்னால் போதாது என்று வக்கீலம்மா ஒரு தாளை நீட்டினார். அதில் மேலதிகாரி இரண்டு வாரத்துக்குள் முழுத்தொகையும் கோர்ட்டில் கட்டுவதாக எழுதிக் கையெழுத்திட்டு, முத்திரையும் குத்தினார். அமீனா தலையசைத்ததும், ஏற்றியதையெல்லாம் இறக்கி வைத்தோம். நாற்காலிகளை உள்ளே கொண்டுபோய் வைக்க நானும் கை கொடுத்தேன். சந்தோஷத்தில் எது யாருடையது என்று தெரியாமல் மாற்றி மாற்றிப் போட்டேன்.

பதின்மூன்றாம் நாள் பணம் கோர்ட்டில் கட்டப்பட்டது. அதை எடுக்க இன்னொரு மனு, இன்னும் ஒரு மாதம். கடைசியில் என் கணக்கில் ஏறிய அன்று பேங்க் மேனேஜர், "டெபாசிட் போடலாமே," என்றார். "சாயங்காலத்துக்குள்ள இது எல்லாம் போயிரும் சார்," என்றேன். அவருக்குப் புரியவில்லை.

நகையை மீட்டுக் கழுத்தில் போட்டுக்கொண்டு டெம்போவில் முன்னால் ஏறி உட்கார்ந்தேன். கம்பிக்கடை. ஜேசிபிக்காரர் வீடு. பிறகு குளச்சல், கொத்தனார் வீடு. அவருக்குப் பாதிக்கூலிதான் அப்போது கொடுத்திருந்தேன். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் கேட்டதில்லை. கவரைக் கையில் வாங்கி, எண்ணாமல், உள்ளே இருந்த தன் மனைவியைக் கூவி அழைத்தார். தெருவே திரும்பிப் பார்த்தது.

"ஏட்டி, சர்க்காரு பைசா தந்துட்டு! ஏட்டி, கேட்டியா? மீன் வாங்கு!"

அன்று அவர்கள் வீட்டில்தான் சாப்பிட்டோம். நெய்மீன் குழம்பு. வீட்டுக்காரர் மூன்று தடவை சோறு வாங்கினார்.